ரயில் வராத கேட்டு

காசிமேட்டில் ஐஸ்கார ஹென்றியைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவன் வாயைத் தெரியாதவர்கள் கிடையாது. ரயில்வே லைனுக்கு மேற்கே இருந்த பேக்டரியில் பாளம் பாளமாக ஐஸ் வாங்கி, மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றி, உமி தூவிச் சாக்குப் போட்டு மூடி, லைனைத் தாண்டிக் கரைக்குக் கொண்டுபோய்ப் படகுக்காரர்களுக்குப் போடுவது அவன் பிழைப்பு. நடுவில் ஒரு ரயில்வே கேட்டு. துறைமுகத்துக்குப் போகிற கூட்ஸ் வண்டிகளுக்காக அதை மூடுவார்கள். கூட்ஸ் வண்டிக்கு என்ன அவசரம், மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரிதான் வரும். அது வந்து போவதற்குள் ஐஸ் சாக்கு வழியாக இறங்கித் தார் ரோட்டைக் குளிப்பாட்டிவிடும். தன் ஐஸில் பாதியை சர்க்கார் திருடிக்கொள்கிறது என்பது ஹென்றியின் கட்சி.

சர்க்காரை நேரில் பார்த்துத் திட்ட முடியாது. அதனால் கேட்கீப்பர் பக்தவச்சலத்தைத் திட்டினான். அவர் திருவள்ளூர்ப் பக்கத்து வைணவர். காக்கி உடுப்பு, நெற்றி நிறைய நாமம், கையில் கொடி. தினமும் காலையில் ஹென்றி வண்டியை கேட்டில் முட்டி நிறுத்திவிட்டு, அவருடைய அம்மாவில் ஆரம்பித்து, நாமத்துக்கு வந்து, ரயில்வே மந்திரியில் முடிப்பான். அது நடந்தால்தான் அந்தத் தெருவுக்கு விடிந்த மாதிரி. டீக்கடையில் நிற்பவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். பக்தவச்சலம் ஒரு வார்த்தை பதில் பேசியதில்லை. ஹென்றிக்கு அதுதான் இன்னும் எரிச்சல்.

எழுபத்து நாலாம் வருஷம் மே மாதம் நாடு முழுக்க ரயில்வேக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ரயில் நின்றது, கூட்ஸ் நின்றது, துறைமுகத்தில் சரக்கு தேங்கியது. பக்தவச்சலமும் வேலைக்குப் போகவில்லை. ஆனால் போகாமல் இருப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்துவிட்டுப் போனார். கேட்டை இழுத்து மூடி, பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

மறுநாள் காலையில் ஊர் வந்து பார்த்தால், ரயிலும் இல்லை, ரோடும் இல்லை. மனிதர்கள் ஓரத்துச் சந்தில் உடம்பை ஒடுக்கிப் போனார்கள். வண்டிக்கு ஒடுங்கத் தெரியாது. மாட்டு வண்டி, கைவண்டி, மண்ணெண்ணெய் வண்டி, ஹென்றியின் ஐஸ் வண்டி எல்லாம் வரிசையாக நின்றன. வேடிக்கை என்னவென்றால், முதல் நாள் அத்தனை பேரும் வழக்கம்போல ரயில் வரட்டும் என்று காத்திருந்தார்கள். ரயில் ஓடாத நாட்டில் ரயிலுக்காகப் பொறுமையாக நின்ற கூட்டம் அதுவாகத்தான் இருக்கும். வெயில் ஏறிய பிறகுதான் ஒருத்தருக்கு உறைத்தது.

பூட்டை உடைக்கலாம் என்றால், ரயில்வே சொத்து என்று இரண்டு போலீஸ்காரர்களைக் காவல் போட்டுவிட்டார்கள். மாற்றுச் சாவி ஆபீசில் இருந்தது. ஆபீஸ் மூடியிருந்தது. ஹென்றி ஒரு பாளத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு சந்தில் நுழைந்தான். மீசை வைத்த போலீஸ்காரர் லத்தியால் தடுத்தார்.

"ரயில்வே எல்லைக்குள்ள சரக்கு கொண்டாரக் கூடாது."

"சரக்கு இல்ல சார், தண்ணி. இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்தினா உனுக்கே தெரியும்."

"பேசாத, போ."

வண்டியைத் திருப்பி, தூரத்தில் இருந்த மேம்பாலத்தைச் சுற்றிக்கொண்டு போனான். கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது வண்டியில் உமிதான் மிச்சம். படகில் வந்த மீன் ஐஸ் இல்லாமல் நாறியது. வவ்வாலும் வஞ்சிரமும் கருவாட்டு விலைக்குப் போயின. படகுக்காரர்கள் ஹென்றியைத் திட்டினார்கள். ஹென்றி திரும்பி வந்து, ஆள் இல்லாத கேட்டைப் பார்த்து பக்தவச்சலத்தைத் திட்டினான். அப்படியொரு வசவு அந்த வட்டாரத்தில் அதற்கு முன் யாரும் கேட்டதில்லை என்று டீக்கடைக்காரர் சொன்னார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால், இயேசுவின் திரு இருதயப் படத்துக்குக் கீழே, ஹென்றியின் மனைவி இருதயம்மாள் கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டு பக்தவச்சலம் உட்கார்ந்திருந்தார்.

"இன்னாடி இது?"

"கத்தாதய்யா. ரயில்வே குவார்ட்டர்ஸ்ல போலீசு பூந்து எல்லாரையும் புடிச்சிகினு போறானுங்களாம். இந்த அண்ணன் வூட்டம்மாவும் புள்ளைங்களும் வியாசர்பாடிக்குப் பூட்டாங்க. இவுருக்குப் போக்கிடம் இல்ல."

"ஊர்ல வேற வூடே இல்லியா?"

பக்தவச்சலம் முதல்முறையாக ஹென்றியிடம் வாய் திறந்தார். "வேற எங்க இருந்தாலும் தேடுவாங்க ஹென்றி. உன் வீட்ல தேடமாட்டாங்க. நீ என்னைத் திட்டுறது ஊருக்கே தெரியும். பிடிபட்டா ஜெயிலு, வேலையும் போயிடும். ஸ்ட்ரைக் முடியற வரைக்கும் இருந்துட்டுப் போயிடறேன்."

ஹென்றிக்குக் கோபம் வந்தது. அதைவிட வேறொன்றும் வந்தது. தன்னை நம்பி ஒரு மனிதன் வந்து உட்கார்ந்திருப்பது அவன் வாழ்க்கையில் அதுவரை நடக்காத சங்கதி. அவனை நம்பி ஐஸ்கூட இருந்ததில்லை.

"ரயில நீதான நிறுத்துன?" என்றான்.

"நாங்கதான்."

"ரயிலே வராது. அப்பொறம் இன்னாத்துக்குய்யா கேட்ட பூட்டுன?"

"ஆள் இல்லாத கேட்டை மூடித்தான் வைக்கணும். தொறந்து போட்டுட்டு வந்து, எதாவது வண்டி வந்து யாராவது அடிபட்டா?"

"எதுனா வண்டியா? எந்த வண்டி? அத்தான் நிறுத்திட்டியே."

"நிறுத்திட்டோம்," என்றார் பக்தவச்சலம். "ஆனா ரயிலை நம்ப முடியாது."

இந்த மாதிரி ஆளிடம் என்ன பேசுவது. ஹென்றி தலையில் அடித்துக்கொண்டு வெளியே போய் ஒரு பீடியைப் பற்றவைத்தான்.

பிறகு நடந்த கூத்துதான் பெரிது. வீட்டில் விருந்தாளியாக இருப்பவரைத் தெருவில் திட்ட ஹென்றிக்கு வாய் வரவில்லை. மறுநாள் கேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு சும்மா நின்றான். டீக்கடையே திரும்பிப் பார்த்தது.

"இன்னா ஹென்றி, வாயில கொழுக்கட்டையா?" என்று மண்ணெண்ணெய் வண்டிக்கார அப்பாவு கேட்டார். மீசைப் போலீஸ்காரரும் பார்த்தார். அவர் பார்த்த பார்வை சரியில்லை.

வீட்டுக்கு வந்ததும் இருதயம்மாள் பிடித்துக்கொண்டாள். "ஊரே கேக்குது, ஹென்றிக்கு இன்னா வந்துச்சுன்னு. நீ திட்டலன்னாதான் சந்தேகம் வரும். போய் ஒழுங்கா திட்டிட்டு வா."

போய்த் திட்டினான். கேட்டுக்கும் வீட்டுக்கும் கூப்பிடு தூரம்தான். உள்ளே இருந்த பக்தவச்சலத்துக்கு எல்லாம் கேட்கும். சாப்பிட உட்கார்ந்தபோது, தயிர்சோற்றைப் பிசைந்துகொண்டே அவர் சொன்னார்: "இன்னிக்கு எங்கம்மாவை விட்டுட்டே. கவனிச்சிடப் போறாங்க."

அதற்குள் வீடே ஒரு மாதிரி ஆகிவிட்டிருந்தது. பக்தவச்சலத்துக்காக இருதயம்மாள் தனிப் பாத்திரம் வைத்தாள். மீன் வறுக்கிற நேரத்தில் அவர் கொல்லைப்புறம் போய் மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு பெருமாள் பேரைச் சொன்னார். இவர்கள் ஜெபமாலை சொல்லும்போது அவரும் கைகட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எந்தச் சாமியையும் விரோதித்துக்கொள்கிற நிலைமையில் அவர் இல்லை.

கேட்டு மட்டும் திறக்கவில்லை. வெயில் ஏற ஏற ஜனங்களுக்குப் பொறுமை போனது. ஸ்ட்ரைக் செய்கிறவனையும் திட்டினார்கள், பேசித் தீர்க்காத மந்திரியையும் திட்டினார்கள், நிழலில் உட்கார்ந்து முலாம்பழம் தின்கிற போலீஸையும் மெதுவாகத் திட்டினார்கள். லைனுக்கு அந்தப் பக்கம் மீன்காரிகள் காலிக் கூடையோடு நின்று எல்லோரையும் சேர்த்துத் திட்டினார்கள். கடைசியில் படகுக்காரர் சவரிநாதன் லைனோரமாக வந்து நின்று சொல்லிவிட்டார்: "நாளைக்கு ஐஸ் வரலன்னா எண்ணூர்ல வாங்கிக்கிறேன். அப்பொறம் நீ வந்து நின்னாலும் கிடையாது ஹென்றி."

சாவி தன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அந்த நினைப்பு ஹென்றியை அரித்தது. மறுநாள் காலையில் பக்தவச்சலம் கொல்லையில் குளிக்கப் போனார். சாவியைத் திரு இருதயப் படத்து ஆணியில் மாட்டியிருந்தார். ஹென்றி படத்தைப் பார்த்தான். "கொஞ்சம் அந்தாண்ட பாரு ஆண்டவரே," என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்து மடியில் கட்டிக்கொண்டான்.

யோசித்துத்தான் செய்தான். போலீஸ் விசாரித்தால், கேட்டுப் பக்கம் மண்ணில் கிடந்தது என்று சொல்லிவிடலாம். அப்படியே சொன்னான். மீசைப் போலீஸ்காரர் சாவியைப் பார்த்தார், ஹென்றியைப் பார்த்தார், வரிசையாக நிற்கிற வண்டிகளைப் பார்த்தார். அத்தனை நாளாக அந்தக் கூட்டத்தின் வாயில் விழுந்து எழுந்து அவருக்கும் வெறுத்துப்போயிருந்தது.

"நாங்க டீ குடிக்கப் போறோம். எங்களுக்கு ஒண்ணும் தெரியாது," என்றார்.

ஹென்றி பூட்டைத் திறந்தான். மேற்குப் பக்கத்துக் கதவைத் தள்ளினான், ஓடிப்போய்க் கிழக்குப் பக்கத்தையும் தள்ளினான். கூட்டம் ஓவென்று கத்தியது. ஹென்றியின் வண்டிதான் முதலில் ஏறியது. அத்தனை வருஷமும் தன் ஐஸைத் தின்ற கேட்டைத் தன் கையால் திறந்துவிட்ட சந்தோஷத்தில் அவன் தண்டவாளத்தைப் பார்க்கவே இல்லை. முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கி மாட்டிக்கொண்டது. பின்னால் அப்பாவுவின் மண்ணெண்ணெய் வண்டி வந்து முட்டியது.

அப்போது வீட்டுப் பக்கமிருந்து ஒரு உருவம் ஓடிவந்தது. ஈர வேட்டி, வெற்று மார்பு, பாதி இட்ட நாமம்.

"பின்னால போ, பின்னால போ. வண்டி வருது."

"எந்த வண்டி?" என்று யாரோ கேட்டார்கள்.

பக்தவச்சலம் பதில் சொல்ல நிற்கவில்லை. அப்பாவுவின் வண்டியை மாட்டோடு பின்னுக்குத் தள்ளினார். ஹென்றியின் வண்டியில் தோளைக் கொடுத்து அவனோடு சேர்ந்து நெம்பினார். அதற்குள் அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. விசில்கூட இல்லாமல், வளைவில் ஒரு எஞ்சின் நாலு பெட்டியோடு வந்துகொண்டிருந்தது. பட்டாளத்துக்காரர்களை வைத்து ஓட்டுகிறார்களாம். கேட்டு இருக்கிற இடமெல்லாம் அவர்களுக்கு எங்கே தெரியும். ஹென்றியின் வண்டி பின்வாங்கியது, அதிலிருந்து ஒரு பாளம் சரிந்து தண்டவாளத்தில் விழுந்தது. பக்தவச்சலம் கதவை இழுத்துச் சாத்தவும் எஞ்சின் அந்தப் பாளத்தை நொறுக்கிக்கொண்டு போகவும் சரியாக இருந்தது. எல்லோர் முகத்திலும் ஐஸ் தெறித்தது. ஹென்றி அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டான்.

கடைசிப் பெட்டி தாண்டும்வரை பக்தவச்சலம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொடி இல்லாததால் ஈரத் துண்டைக் கையில் பிடித்திருந்தார். திரும்பியபோது பின்னால் மீசைக்காரர் நின்றார். அவருக்குப் பின்னால் ஜீப்பில் இன்ஸ்பெக்டரும் வந்துவிட்டிருந்தார்.

"நீதான் பக்தவச்சலமா?"

"ஆமாங்க."

"வேலைக்கு வராத குத்தத்துக்கு உன்னைத் தேடிக்கிட்டிருக்கோம். ஏறு."

வேலைக்கு வரவில்லை என்று, வேலை செய்துகொண்டிருந்த மனிதனைக் கையைப் பிடித்து இழுத்தார்கள். இப்படியொரு நியாயத்தை ஹென்றி எந்தக் கோர்ட்டிலும் கேட்டதில்லை. எழுந்து ஓடினான்.

"சார், அவுரு எங்க வூட்ல கீறாரு. அதாவது, நான்தான் தொறந்தேன். என்னைப் புடி சார். அவுரு மூடத்தான் வந்தாரு."

"நீ ரயில்வேல வேலை பார்க்கிறியா?"

"இல்ல."

"அப்ப தள்ளி நில்லு."

ஸ்டேஷன் லைனுக்குக் கிழக்கே. பாலத்தைச் சுற்றிக்கொண்டு போக இன்ஸ்பெக்டருக்கு மனசு இல்லை. "கேட்டைத் தொறய்யா," என்றார். யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கே ஒரு கணம் விளங்கவில்லை. பக்தவச்சலம் ஜீப்பிலிருந்து இறங்கினார். இரண்டு பக்கமும் லைனைப் பார்த்தார், காதைக் கொடுத்துக் கேட்டார், திறந்தார். தன்னைக் கொண்டுபோகிற ஜீப்பைத் தாண்டவிட்டார். பிறகு பூட்டில் தொங்கிய சாவியை எடுத்து, யாரிடம் கொடுப்பது என்று பார்த்தார். அங்கே இருந்த அத்தனை சர்க்காரிலும் அதை வாங்கிக்கொள்ள ஒரு கை நீளவில்லை. ஹென்றியின் கையில் வைத்தார்.

"மூடிடு ஹென்றி. இன்னொண்ணு வரும்."

"என் வண்டி இந்தாண்ட கீதே, நைனா."

"மூடிடு."

நைனா என்று அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை என்பது ஹென்றிக்கு அப்புறம்தான் உறைத்தது. இரண்டு கதவையும் இழுத்து மூடினான். பூட்டினான். பக்தவச்சலத்தை ஏற்றிக்கொண்டு ஜீப் மீன்காரிகளை விலக்கிப் போய்விட்டது.

மேற்கே வண்டிகள் இருந்த இடத்திலேயே நின்றன. பிறகு அப்பாவு ஆரம்பித்தார். "யோவ் ஹென்றி, ரயிலுதான் பூட்ச்சே. தொறய்யா." பின்னால் நின்ற கைவண்டிக்காரன் ஹென்றியின் அம்மாவை இழுத்தான். லைனுக்கு அந்தப் பக்கம் சவரிநாதன் காலிப் பெட்டியைத் தட்டிக் காட்டினார். ஐஸ் சாக்கை நனைத்துக்கொண்டு சொட்டச் சொட்ட இறங்கிக்கொண்டிருந்தது.

ஹென்றி கேட்டில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றான்.

"எவண்டா அது, எங்கம்மாவ பேசறது? சாவி என்னாண்டதான் கீது. தொறக்கிற ஆளு ஜெயிலுக்குப் போய்கினு கீறாரு. அவுரு வந்து தொறப்பாரு. அதுவரைக்கும் நில்லுங்கடா, பேமானிங்களா."