மூன்று நாள் ஓடிய வண்டி

சைலன்சர் என்ற பெயரை அவனுக்கு வைத்தவர் அவன் மாமா. மாமா என்றால் அக்காவின் கணவர், ஒர்க்‌ஷாப் முதலாளி. வாயை மூடிக்கொண்டு வேலை செய்கிறவனுக்கு இதைவிடப் பொருத்தமாக வேறு என்ன பெயர் வைப்பது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அந்த வாய் எப்படி மூடிக்கொண்டது என்பதை மட்டும் சொல்லமாட்டார். அதை நாமே சொல்லிவிடலாம்.

அப்பா இறந்த பிறகு, பத்தொன்பது வயதில் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தவன் அவன். வந்த இரண்டாவது வாரமே, வண்டிக்காரர் எதிரில், "மாமா, அந்த போல்ட் இன்னும் டைட் ஆகல" என்று சொல்லிவிட்டான். உண்மைதான், ஆகவில்லை. மாமா கையிலிருந்த இரும்பை வீசினார். இடது புருவம் பிளந்து மூன்று தையல். அதற்குப் பிறகு ராட்செட் பறந்து வந்திருக்கிறது, கிரீஸ் டப்பா வந்திருக்கிறது, ஒருமுறை பேட்டரியே வந்து அவன் காலடியில் உடைந்து, ஆசிட் தெறித்து பேன்ட்டைப் பொத்தலாக்கியது. இப்போது அவனுக்கு முப்பத்தாறு. பதினேழு வருடம் அடி வாங்கியவனுக்கு ஒன்று நன்றாகத் தெரிந்திருந்தது. மாமாவிடம் பேசினால் வலிக்கும்.

தெருவில் மாமாவுக்கு வெடி என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் சொல்லமாட்டார்கள், சொல்ல யாருக்குத் தைரியம். ஆனால் வேலையில் ஆளை ஒரு குறை சொல்ல முடியாது. இன்ஜினைத் திறந்துவிட்டால் அந்த முரட்டு விரல்கள் பஞ்சாகிவிடும். மனிதர்களைத் தொடும்போதுதான் அவை வேறு விரல்கள்.

ஒர்க்‌ஷாப்பில் அவர் போட்ட சட்டம் ஒன்று இருந்தது. ஒரு இன்ஜினை யார் திறந்தாரோ அவரேதான் மூடவேண்டும். மற்றவன் விளக்குப் பிடிக்கலாம், ஸ்பானர் எடுத்துக் கொடுக்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. பாதி முடுக்கிய போல்ட் எது என்பது திறந்தவனுக்குத்தானே தெரியும். நியாயமான சட்டம்தான். நியாயமான சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு மனிதன் என்னவெல்லாம் செய்வான் என்பதுதான் இந்தக் கதை.

ஒர்க்‌ஷாப்புக்கு மேலேயே வீடு. இரும்புப் படியேறினால் சமையலறை. அதன் ஜன்னலில் நின்றால் கீழே நடப்பதெல்லாம் தெரியும். போன வாரம் அக்கா அவனுக்குத் தட்டை நீட்டியபோது, முழங்கைக்கு மேல் நீலம் பூத்துக் கிடந்ததைப் பார்த்தான்.

"என்னக்கா இது?"

"கதவுல இடிச்சிக்கிட்டேன்."

நான்கு கோடு வரிசையாக இருந்தது. கதவுக்கு எப்போது விரல் முளைத்தது என்று அவன் கேட்கவில்லை. குனிந்து சாப்பிட்டான். ஆனால் அன்றைக்கு அவனுக்குள் ஏதோ ஒன்று கெட்டுப்போனது. தன் மேல் விழுந்ததை எல்லாம் அவன் கழுவிவிட்டுப் போயிருக்கிறான். அக்கா மேல் விழுந்ததைக் கழுவ முடியவில்லை. இனி அவள் மேல் ஒரு கை படக் கூடாது, அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியிருந்தது.

இந்த நேரத்தில்தான் கறிக்கடைக்காரரின் கார் வந்தது.

கறிக்கடைக்காரர் ஆறடி உயரம், வாசலை அடைத்து நிற்கிற ஆள். எடையில் ஏமாற்றியதாகத் தன்னைப் பற்றிப் புரளி கிளப்பியவனின் தாடையை எடைக்கல்லாலேயே உடைத்தவர். இன்ஜின் ஓடியபடி வண்டி நிற்கும்போதெல்லாம் ஆயில் விளக்கு மினுங்குகிறது, இன்ஜினில் சட்சட்டென்று சத்தம் வருகிறது என்றார். மாமா ஐந்து நிமிடம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, ஆயில் பம்ப் தேய்ந்துவிட்டது, புதிது மாட்டவேண்டும் என்றார். சரியான தீர்ப்புதான். இன்ஜினுக்கு அடியில் தொட்டி மாதிரி இருக்கிற சம்ப்பிலிருந்து ஆயிலை ஒரு சல்லடை வழியாக உறிஞ்சி மேலே அனுப்புவது அந்தப் பம்ப். அது இரண்டு நிமிடம் வேலை நிறுத்தம் செய்தால் போதும், இரும்பும் இரும்பும் உரசிப் பிடித்துக்கொள்ளும். பிறகு கடப்பாரை போட்டாலும் சுற்றாது.

மறுநாள் காலை மாமா ஆயிலை வடித்தார், சம்ப்பை இறக்கினார், பழைய பம்ப்பைக் கழற்றினார். புதியதற்குள் ஆயில் ஊற்றி, பல்சக்கரத்தை விரலால் சுற்றி, மறுபக்கம் ஆயில் வழிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மாட்டினார். சைலன்சர் பக்கத்தில் மல்லாந்து படுத்து விளக்குப் பிடித்தான். அதுவரை எல்லாம் அழகு.

சம்ப்பை மூடுவதற்கு, ஆயில் கசியாமல் விளிம்பில் வைக்கிற புது பேக்கிங் அட்டையை மாமா கையில் எடுத்தபோது போன் அடித்தது. கறிக்கடைக்காரர். காலையிலிருந்து ஐந்தாவது தடவை.

"ஆச்சா, ஆகலையா? ஒரு பம்ப் மாட்ட எத்தன நாளு?"

மாமா போனைச் சுவரில் அடித்தார். அடித்த வேகத்தில் மறு கையிலிருந்த பேக்கிங் இரண்டாகக் கிழிந்தது. சைலன்சர் எழுந்தான்.

"நான் போய் வேற வாங்கிட்டு வரேன் மாமா."

"உக்காருடா. உன்ன யாராவது கேட்டாங்களா?"

மாமா கசிவை அடைக்கிற பேஸ்ட் டியூபை எடுத்தார். பேக்கிங் இல்லாமலேயே, சம்ப்பின் விளிம்பு முழுக்க விரல் கனத்துக்குப் பிதுக்கினார். டியூப் காலியாகும்வரை பிதுக்கினார். அப்படியே தூக்கி அழுத்தி போல்ட்டுகளை முடுக்கினார். வெளியே வழிந்த பேஸ்ட்டை விரலால் வழித்து எறிந்தார். அதே அளவு உள்ளேயும் வழிந்திருக்கும். அதை வழித்தெறிய யாராலும் முடியாது. அது காய்ந்து, உதிர்ந்து, ஆயிலில் மிதந்து, நூல் நூலாகச் சல்லடையில் போய் ஒட்டும். இரண்டு இன்ஜின் திறந்த எவனுக்கும் தெரிகிற விஷயம் இது. மாமாவுக்கும் தெரியும். ஆனால் கோபம் வந்தால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் தெரியாமல் போய்விடும்.

சைலன்சர் வாயைத் திறந்தான். சட்டம் நினைவுக்கு வந்தது, புருவம் நினைவுக்கு வந்தது. அவற்றுக்குப் பின்னால் அக்காவின் கையும் கறிக்கடைக்காரரின் கையும் வந்து நின்றன. நம்மால் கொடுக்க முடியாத அடியை அந்த ஆள் கொடுக்கட்டுமே என்று நினைத்தான். வாங்கினால் மனுஷனுக்குப் புத்தி வருமே. வாயை மூடிக்கொண்டான். பதினேழு வருடத்தில் முதல்முறையாக, பயத்தினால் அல்லாமல் வாயை மூடினான்.

வண்டி பூனை மாதிரி ஓடியது. கறிக்கடைக்காரர் தினமும் மாமாவின் வாசலில் ஹாரன் அடித்துவிட்டுப் போனார். மூன்று நாளும் மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று வேளையும் சாப்பிட்டான் சைலன்சர். இரண்டாம் நாள் அக்கா அவன் காதோரம் குனிந்து, "உங்க மாமா இந்த வாரம் கொஞ்சம் அமைதியா இருக்காருல்ல?" என்றாள். அவளுக்கு அது பெரிய சந்தோஷமாக இருந்தது. சொல்லிவிடலாமா என்று அந்த ஒரு நிமிடம் தொண்டை வரை வந்தது. சோற்றோடு சேர்த்து விழுங்கிவிட்டான்.

நான்காம் நாள் மதியத்துக்கு முன்பு ஒரு பிக்கப் வண்டி காரை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தியது. காரின் பின்பக்கம் அப்பளமாக நொறுங்கியிருந்தது. பாலத்து ஏற்றத்தில் இன்ஜின் பிடித்து வண்டி அப்படியே நிற்க, பின்னால் வந்த லாரி ஏறியிருக்கிறது. கறிக்கடைக்காரர் இறங்கினார். நெற்றி கிழிந்து ரத்தம் தாடியில் உறைந்திருந்தது. இழுவைச் சங்கிலியைக் கழற்றினார். ஒரு முனையைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

"நான் செத்திருப்பேன்டா. எம் பொண்ண ஸ்கூல்ல எறக்கிவிட்டு பத்து நிமிஷந்தான் ஆச்சு. அவளும் செத்திருப்பா."

"பம்ப் புதுசு. வண்டிய நீ எப்படி ஓட்டினியோ," என்றார் மாமா. இந்த இடத்தில் வேறு எவனாக இருந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டிருப்பான். மாமா ஜாக்கிக் கம்பியை எடுத்தார்.

முதல் சங்கிலி மாமாவின் தொடையில் விழுந்தது. மாமா கம்பியை வீச, அது கறிக்கடைக்காரரின் விலாவில் பட்டு, மூச்சு சிக்கிய சத்தம் கேட்டது. அவர் மடங்கவில்லை. மாமாவின் தலைமுடியைப் பிடித்து, வேலைமேசையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸில் முகத்தை மோதினார். ஒருமுறை, இருமுறை. பல் தெறித்துக் கழிவு ஆயில் தட்டில் விழுந்தது. மாமா நழுவித் தரையில் உருண்டார். ஆயிலும் ரத்தமும் கலந்த தரையில் எழுந்திருக்க முயன்று மூன்று தடவை வழுக்கினார். ஒவ்வொரு தடவையும் சங்கிலி முதுகில் இறங்கியது.

சைலன்சர் பத்தடி தூரத்தில், டயர் அடுக்கின் பக்கத்தில் நின்றான். கை கால் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. ஓடிப்போய்ப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. பொய் சொல்வானேன், அவனுக்கு வயிறு குளிர்ந்தது. இது ராட்செட்டுக்கு, இது கிரீஸ் டப்பாவுக்கு என்று மனதுக்குள் ஒவ்வொரு அடிக்கும் பெயர் வைத்துக்கொண்டிருந்தான்.

இரும்புப் படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. அக்கா. ஜன்னலில் பார்த்துவிட்டு, காலில் செருப்புகூட இல்லாமல் இறங்கி ஓடி வந்தாள். அக்கா வருவாள் என்று மூன்று நாளாக அவன் யோசிக்கவே இல்லை. அடிக்கிற கணவனை அடிக்க ஒருவன் வந்தால் அவள் மேலே நின்று வேடிக்கை பார்ப்பாள் என்று எந்த மடையன் அவனுக்குச் சொன்னானோ.

"விடுங்கண்ணே, செத்துடுவாரு," என்றபடி மாமாவின் மேல் கவிழ்ந்தாள். சங்கிலி மேலே போயிருந்தது. அது கீழே வந்தபோது அவள் வலது தோள் அங்கே இருந்தது. காய்ந்த விறகை முறித்த மாதிரி ஒரு சத்தம். அவள் வாயைத் திறந்தபடி மாமாவின் மேலேயே சாய்ந்தாள்.

கறிக்கடைக்காரர் சங்கிலியைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் பாக்கலம்மா, சத்தியமா பாக்கல," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். காரை இழுத்து வந்த பிக்கப்பிலேயே அக்காவைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

தோள்பட்டை எலும்பு இரண்டு துண்டு. ஆபரேஷன் செய்து தகடு வைக்கவேண்டும் என்றார் டாக்டர். வார்டில் அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் மாமா வீங்கிய முகத்தோடு நின்றார். சைலன்சர் கால்மாட்டில் நின்றான்.

"இது பம்ப் வித்தவன் வேலதான்," என்றார் மாமா, உடைந்த பல் வழியே. "டூப்ளிகேட் சரக்கக் குடுத்து எம் பொண்டாட்டிய இப்படி ஆக்கிட்டான். இன்னிக்கு அவன் கைய ஒடைக்காம வரமாட்டேன்." கிளம்பியேவிட்டார். சும்மா சொல்கிற ஆளில்லை, உடைப்பார். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் கண்ணாடி போட்ட வயதான மனிதர். ஒரு தப்பும் செய்யாதவர்.

"மாமா, நில்லுங்க," என்றான் சைலன்சர். "பம்ப் நல்ல பம்ப்தான். பேஸ்ட் உள்ள வழிஞ்சிருக்கு. சல்லடை அடச்சிருக்கும். சம்ப்ப எறக்கிப் பாருங்க, தெரியும்."

மாமாவுக்கு ஒரு நிமிடம் ஆனது. பிறகு முகம் மாறியது. அவருக்கும் இப்போது காலியான அந்த பேஸ்ட் டியூப் கண்முன் தெரிந்திருக்கவேண்டும். தெரிந்ததும் அவர் செய்தது அவருக்குத் தெரிந்த ஒன்றேதான், கையை ஓங்கினார்.

"கைய எறக்குங்க," என்றாள் அக்கா.

மெல்லத்தான் சொன்னாள். பதினேழு வருடத்தில் அவள் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. கை இறங்கிவிட்டது.

"நீ எப்படா பாத்த?" என்று தம்பியைக் கேட்டாள்.

"மாட்டும்போதே."

"அப்பவே அடைக்கும்னு தெரியுமா?"

"தெரியும்க்கா. அவரு உன்ன... உன் கைய பாத்தேன். அதான்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். வலிக்கு ஊசி போட்டிருந்தார்கள். தூங்கிவிட்டாள் என்றுகூட நினைத்தான்.

"அவரு கோவத்துல அடிப்பாரு," என்றாள். "நீ மூணு நாளு நான் போட்ட சோத்த அவரு பக்கத்துல உக்காந்து தின்னுட்டு அடிச்சிருக்க. அந்த வண்டில கொழந்த போச்சுல்லடா தெனமும்."

குழந்தை. அவன் அதையும் யோசிக்கவில்லை. ஹாரன் அடித்துப் போன வண்டியின் பின் சீட்டில் தினமும் ஒரு பை, ஒரு ரிப்பன் தெரிந்ததை இப்போதுதான் பார்க்கிற மாதிரி இருந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, தெரியாம..."

"தெரிஞ்சுதான். ரெண்டு பேரும் வெளிய போங்க."

போனார்கள். வராண்டாவில் ஒரே ஒரு பெஞ்சு இருந்தது. ஒரு முனையில் மாமாவும் மறு முனையில் அவனும் உட்கார்ந்தார்கள். மாமா அடிப்பார் என்று காத்திருந்தான். அடித்தால் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும் போலிருந்தது. மாமா தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஒரு மணி நேரம் கழித்து நர்ஸ் கையில் ஆபரேஷனுக்குச் சம்மதம் கேட்கிற பேப்பரோடு வெளியே வந்தாள். மாமா எழுந்து, கையெழுத்துப் போடக் கையை நீட்டினார். சைலன்சரும் எழுந்தான்.

"இல்ல, இது முடிஞ்சிடுச்சு," என்றாள் நர்ஸ். "கூட யாரும் வரலன்னு சொல்லி அந்தம்மாவே எடது கையால போட்டுக் குடுத்துட்டாங்க. நீங்க ரெண்டு பேரும் யாருக்காக உக்காந்திருக்கீங்க?"