புதுசுக்கு எங்க போறது?

கழற்றிய பேரிங்கைக் காதோரம் வைத்து ஆட்டுகிறார். கண்ணை மூடிக்கொள்கிறார். உள்ளே மணல் அரைபடும் சத்தம் எதிரே நிற்பவனுக்கே கேட்கிறது, அவருக்குக் கேட்பதில்லை. "இன்னும் உயிர் இருக்குப்பா இதுல." ஒரு கை கிரீஸை அப்பி, வந்த வழியே திருப்பி அனுப்புகிறார்.

எழும்பிக்கொண்டிருக்கும் கட்டடத்தின் வெளிச்சுவரை ஒட்டி, ஆளையும் சிமெண்டையும் ஏற்றி இறக்கும் இரண்டு கூண்டு லிஃப்டுகளைப் பழுதுபார்ப்பது அவர் பொறுப்பு. உதிரிபாகங்களும் அவர் பொறுப்பே. வைத்தியம் பார்ப்பவரிடமே மருந்துக்கடைச் சாவியும் இருக்கிற மாதிரி. அவர் கையில் எந்தப் பாகமும் செத்ததாகச் சரித்திரம் இல்லை. அதனால் சைட்டில் எல்லோருக்கும் அவர் டாக்டர். அதைப் பாராட்டு என்று நம்புகிறவர் அவர் ஒருவர்தான்.

தகரக் கொட்டகைக்குள் ஓர் இரும்பு அலமாரி. உள்ளே புத்தம்புது ரோலர்கள், சுவிட்சுகள், பல்சக்கரங்கள், கண்ணாடித்தாளில் சுற்றப்பட்டுப் பெட்டிகளில் படுத்திருக்கும். அவ்வப்போது எடுத்துத் தூசி தட்டுவார். பெற்ற பெண்ணைக்கூட இவ்வளவு பொத்திப் பொத்தி வைக்கவில்லை என்பது மனைவியின் குறை. பெண்ணையாவது கேட்டவனுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்.

"புதுசைப் போட்டுட்டா, அப்புறம் புதுசுக்கு எங்க போறது?" என்பார்.

ஒரு லிஃப்டில் ஏதாவது நிஜமாகவே உடைந்துபோனால் அடுத்ததிலிருந்து கழற்றி மாட்டுவார். "அண்ணன் சட்டையைத் தம்பி போட்டுக்கறதில்லையா?" இப்படி மாற்றி மாற்றிப் போட்டதில் இரண்டில் ஒன்று எப்போதும் வெற்றுடம்போடு நின்றது.

ஓடுகிற லிஃப்டை ஓட்டுபவன் அவர் மனைவியின் தம்பி. வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. கொஞ்ச நாளாகக் கூண்டு, நிறுத்திய இடத்தில் நிற்பதில்லை.

"மாமா, பிரேக் லைனிங் தேஞ்சு போச்சு. இறங்கும்போது வழுக்குது."

"எவ்வளவு?"

"ஒரு அடி."

"அப்ப ஒரு அடி முன்னாடியே நிறுத்து மாப்ளே. பஸ் டிரைவரெல்லாம் அப்படித்தானே நிறுத்தறான்?"

"சுமை ஏத்தினா ரெண்டடி."

"ரெண்டடி முன்னாடி நிறுத்து."

மனைவி போனில் வந்தாள். "என் தம்பிக்கு ஏதாவது ஆச்சு, அந்த அலமாரியோடவே குடித்தனம் பண்ணிக்குங்க." யோசனை அவருக்கு அவ்வளவு மோசமாகப் படவில்லை.

மறுநாள் மைத்துனன் கூண்டு நிறைய சிமெண்ட் மூட்டைகளை அடுக்கிவிட்டு, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஏறுங்க மாமா. உயிர் இருக்கான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

சுற்றிலும் கொத்தனார்களின் கரண்டிகள் நின்றன. டாக்டருக்குச் சட்டென்று முழங்கால் வலி ஞாபகம் வந்தது.

"முழங்கால் வலிக்குத்தானேண்ணே லிஃப்டே," என்றாள் செங்கல் சுமப்பவள்.

ஏறினார்.

மேலே போனதில் ஒரு குறையும் இல்லை. இறங்கும்போது, தரைக்கு வெகு முன்பே மைத்துனன் நிறுத்தினான். கூண்டுக்கு அது தெரியவில்லை. அது பாட்டுக்கு வழுக்கிக்கொண்டே போய், அடியிலிருந்த ஸ்பிரிங்குகளின் மேல் சொத்தென்று உட்கார்ந்தது. டாக்டர் ஒரு மூட்டையைக் கட்டிப்பிடித்திருந்தார். வெளியே வந்தபோது அவர் முகம் சிமெண்ட் நிறத்தில் இருந்தது. மூட்டை ஒன்றும் கிழிந்திருக்கவில்லை.

நேரே கொட்டகைக்குப் போனார். அலமாரியைத் திறந்தார். புது லைனிங்கை எடுத்துவந்து, கூண்டின் தலைமேல் ஏறி உட்கார்ந்து, அங்கிருந்த மோட்டாரில் தானே மாட்டினார். அதே சுமையோடு ஓட்டிப் பார்த்தார்கள். நிறுத்திய இடத்தில் நின்றது.

"இதைக் கேட்ட அன்னைக்கே போட்டிருந்தா..." என்று மைத்துனன் திரும்பினான். டாக்டர் அங்கே இல்லை.

கொட்டகையில் தேய்ந்த லைனிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். புதுசைச் சுற்றியிருந்த கண்ணாடித்தாளை மடியில் வைத்துச் சுருக்கம் போக நீவி, அதில் இதைச் சுற்றினார். புதுசின் பெட்டிக்குள் படுக்கவைத்து, அது இருந்த இடத்திலேயே வைத்து, அலமாரியைப் பூட்டினார்.