கிணற்றடியில் சாமியாரிடம் சொன்னது

இரண்டாவது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்களில் திருத்தணியில் எங்கள் கோயில் என்பது ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் ஓடு போட்ட ஒரு நீளக் கொட்டகை. மேலே சிலுவை மட்டும் இல்லாவிட்டால் கடலைக்காய் மண்டி என்றுதான் யாரும் நினைப்பார்கள். இருபது குடும்பம் இருந்தோம், முக்கால்வாசி ரயில்வேக்காரர்கள். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு அரக்கோணத்திலிருந்து காலைப் பாசஞ்சரில் சாமியார் வருவார். பூசை லத்தீனில் நடக்கும். எனக்கு ஒரு எழுத்தும் புரியாது. நான் போனதெல்லாம் பிரசங்கத்துக்காகத்தான்.

வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் எங்கள் வீடுகளைப் பற்றித்தான் பேசுவார். ரேஷன் அரிசியில் நாங்கள் கல் பொறுக்குவதைப் பார்த்துவிட்டு வந்து, கோதுமைக்கு நடுவில் முளைத்த களையின் கதையைச் சொன்னார். ஒரு கைப்பிடியை இழுத்ததும் ரயில் தடம் மாறுகிறதே, அதைக் காட்டி, பவுலின் மனசு மாறியதைச் சொன்னார். அந்தக் கைப்பிடியை இழுக்கிற பாயிண்ட்ஸ்மேன் என் வீட்டுக்காரர். அன்று முழுக்க மீசையைத் தடவிக்கொண்டே திரிந்தார். ஒருத்தி மூக்குத்தியை உமியில் தொலைத்துவிட்டு வீடெல்லாம் பெருக்கித் தேடியது, காணாமல் போன வெள்ளிக்காசின் கதையோடு சேர்ந்து பிரசங்கத்தில் வந்தது. எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். நம் வீட்டுச் சமாசாரம் எப்போது வரும் என்று ஆசைப்பட்டவர்களில் நானும் ஒருத்தி.

நான் திருவாலங்காட்டுப் பக்கம் நெல் விளைவிக்கிற வீட்டில் பிறந்தவள். கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கினேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் ஒருவருக்கும் இஷ்டமில்லை. "மலைக்குக் காவடி எடுக்கிற ஊட்டுப் பொண்ணு. நாளைக்கே மலைக்கு ஓடிடுவா" என்று அவருடைய அண்ணன் கூடத்தில் வைத்துச் சொன்னாராம். "அவ போவ மாட்டா. அதுக்கு நான் பொறுப்பு" என்று இவர் எல்லோருக்கும் முன்னால் வாக்குக் கொடுத்து என்னைக் கட்டிக்கொண்டார்.

மகளுக்கு நாலு வயது நடக்கும்போது விஷக்காய்ச்சல் வந்தது. மூன்று வாரம். ஜெபமாலை உருட்டினேன், மெழுகுவத்தி ஏற்றினேன், மாதாவிடம் அழுதேன். ஒரு சாயங்காலம் குழந்தைக்குக் கண் செருகியது. அப்போது என் வாய் தானாகவே பழைய பெயரைக் கூப்பிட்டுவிட்டது. பிழைத்தால் முடி தருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். பிழைத்தாள். மாதா காப்பாற்றினாளா, மலைமேல் இருப்பவன் காப்பாற்றினானா, டாக்டர் கொடுத்த மருந்தா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. வாக்குக் கொடுத்தது மட்டும் தெரியும். கொடுத்த வாக்கை நிறைவேற்றாமல் விட்டுப் பிள்ளை உயிரோடு விளையாட எனக்குத் தைரியமில்லை.

என் வீட்டுக்காரர் இரண்டு நாள் மாற்று டியூட்டிக்கு அரக்கோணம் போனபோது குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். அவளுக்கு மொட்டையடித்தேன். தலையில் பூசிய சந்தனத்தை அடிவாரக் குளத்தில் சுத்தமாகக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். "காய்ச்சல்ல முடி கொத்துக் கொத்தா கொட்டுது, அதான் எட்த்துட்டேன்" என்றேன். அந்தக் காலத்தில் காய்ச்சல் கண்டவர்களுக்கு மழிப்பது வழக்கம்தான். "ஆங், நல்லதாப் போச்சு" என்றார். அவ்வளவு சுலபமாக அவர் நம்பியதுதான் என்னை உறுத்தியது.

உபதேசியார் எனக்கு ஜெபம் கற்றுக்கொடுத்தபோது ஒன்று சொல்லியிருந்தார். சாமியாரிடம் சொன்னது கழுத்தை அறுத்தாலும் வெளியே வராது. அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து, சாமியார் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது போய் எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டுவிட்டு, "பயப்படாதேம்மா. நீ ஒரு தாய்" என்றார். அவர் கண் கூடக் கலங்கியது. பத்து நாளாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கி, அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

அதற்கடுத்து அவர் வந்த ஞாயிறு. கானான் தேசத்து ஒருத்தி, பிசாசு பிடித்த தன் மகளுக்காக ஆண்டவர் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினாளே, அந்தக் கதையை எடுத்தார். அழகாகத்தான் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார். அவள் சரியான வாசலுக்கு வந்தாள், நம் ஊரிலும் ஒரு தாய் இருக்கிறாள், அவளுக்கும் அதே அன்பு, வாசல்தான் தப்பு, மலைமேல் போய்க் குழந்தையின் முடியைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள், அவளை யாரும் ஏளனம் செய்யாதீர்கள் என்றார். பேர் சொல்லவில்லை. அந்தக் கொட்டகையில் மொட்டைத் தலையோடு இருந்த குழந்தை ஒன்றே ஒன்றுதான்.

அவள் ஆண்கள் பக்கம் அப்பா மடியில் உட்கார்ந்திருந்தாள். எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது. முக்காட்டை இழுத்துக்கொண்டு நானும் பார்த்தேன். அவளுடைய தலையைத் தடவிக்கொண்டிருந்த அவர் கை அப்படியே நின்றது. பக்கத்தில் இருந்த அவருடைய அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அது போதுமே. இவர் பீடத்தில் நன்மை அப்பம் வாங்கப் போகவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, பூசை முடியுமுன் வெளியே போய்விட்டார்.

பூசை முடிந்தது. சாமியார் உபதேசியார் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போய் வாசலில் நின்றேன்.

"சாமி, வெளிய சொல்ல மாட்டீங்கன்னு நம்பித்தானே சொன்னேன்?"

"பேர் சொல்லலையேம்மா. உன்னை உயர்த்தித்தானே பேசினேன்."

"நம்ம கோயில்ல வேற எந்தக் கொயந்தைக்கு சாமி மொட்ட?"

அவருக்கு அது தோன்றவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு இலையைப் பார்த்துக்கொண்டு, "பாவசங்கீர்த்தனத்திலே முழங்கால் போட்டுப் பாவத்தைச் சொன்னால்தான் அம்மா அந்தக் கட்டுப்பாடு. நீ கிணற்றடியில் நின்றுகொண்டு சொன்னது" என்றார்.

உபதேசியார் தலையைக் குனிந்துகொண்டார். பிறவியிலேயே வேதத்தில் இருப்பவர்களுக்கு இது சின்ன வயதிலேயே தெரியுமாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. நின்று சொன்னால் ஒரு மாதிரி, மண்டியிட்டுச் சொன்னால் ஒரு மாதிரி என்று ஒரு மனுஷர் இருக்க முடியும் என்று எனக்குத் தெரியாது. என்னை ஏமாற்றிவிட்டீர்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. சாமியார் பாவம் போல முழித்தார். அந்த முழியை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

வீட்டில் மூன்று நாள் பேச்சில்லை. அவர் டியூட்டிக்குப் போனார், வந்தார், குழந்தையோடு மட்டும் பேசினார். நான்காம் நாள் மத்தியானம் சோறு போட்டேன். எனக்குத் தாங்கவில்லை. "மலைக்குப் போனது தப்புத்தாங்க. புள்ள செத்துடுவான்னு பயந்துட்டேன்" என்றேன்.

அவர் கத்தவில்லை. "மலைக்குப் போனதுக்கா கோவம்னு நெனச்சுகினு இருக்கே? அன்னிக்கு அவ கெடந்த கெடப்புல நீ கேட்டிருந்தா நானே தூக்கிகினு வந்திருப்பேன்" என்றார். சோற்றைப் பிசைந்தார். "அவருகிட்ட சொல்லத் தோணிச்சு. எங்கிட்ட தோணல. ஊரோட ஒக்காந்து கேட்டுத் தெரிஞ்சுக்க வேண்டியவனா நான்?"

எனக்குப் பதில் இருந்தது. உங்கள் வாக்கைக் காப்பாற்றத்தான் மறைத்தேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது, ஆனால் அது முழு உண்மையில்லை என்று எனக்கே தெரிந்தது. அவரைவிடச் சாமியார் என்னைப் புரிந்துகொள்வார் என்றுதான் நான் நினைத்தேன்.

சாப்பிட்டு முடித்தவர் எழுந்தார். நான் கை நீட்டினேன். அவர் தட்டை என்னிடம் தரவில்லை. தானே கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் கழுவி, துடைத்து, கவிழ்த்து வைத்தார். அதற்குப் பிறகு முப்பது வருஷம் என்னோடு வாழ்ந்தார், ஒரு குறையும் வைக்கவில்லை. தட்டை மட்டும் கடைசி வரைக்கும் அவரேதான் கழுவினார்.