இரண்டாவது ரிசீவரைச் செருகியதும் வற்றிய வட்டை

மழையில் ஊறிய உரப்பை வாடை... அந்தக் கூட்ட மண்டபம் முழுக்க அதுதான். தலையில் உரப்பையைக் கவிழ்த்துக்கொண்டு வந்த வயல்காரர் ஒரு பக்கம். வாவியில் வலை போடுகிறவர்கள் மறுபக்கம். நடுவில் நானும் பஸ்லானும் ஒரு சின்னப் பெட்டியும்.

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் இறுதி வருடம் படித்த காலம்.

மழை கொட்டினால் வாவி நிரம்பி வயல் மூழ்கும். முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டினால் தண்ணீர் கடலுக்கு இறங்கும். வயல்காரர் இப்பவே வெட்டு என்பார்கள். மீன்காரர், இறாலும் சேர்ந்து போய்விடும், பொறு என்பார்கள்.

வயல்வெளியான வட்டையில் ஒரு சென்சர், முகத்துவாரத்தில் ஒரு சென்சர். இரண்டு நீர்மட்டத்தையும் ஒரே திரையில் காட்டுவதுதான் எங்கள் புரொஜெக்ட். அதைப் பார்த்து முடிவெடுக்க இரு தரப்பும் சம்மதித்திருந்தன.

சென்சருக்கு ஒரு ரிசீவர். முதல் ரிசீவரைப் பெட்டியில் செருகினோம். வட்டை மட்டம் வந்தது. இரண்டாவதைச் செருகினோம். முகத்துவாரம் வந்தது...

வட்டை பூச்சியம்.

"எங்கட வட்டை வத்திட்டுதாம்," என்றார் முன்வரிசை வயல்காரர். "நான் இடுப்பளவு தண்ணிக்குள்ளால வாறன் மனே."

"அப்ப வெட்டத் தேவல்ல. பெட்டியே சொல்லிற்று," என்றார் மீன்காரர் ஒருவர்.

மண்டபமே சிரித்தது.

பஸ்லான் என் காதருகே வந்தான். ஏறாவூர்க்காரன், வயரிங் முழுக்க அவன் வேலை. "மச்சான், ஒண்டக் கழட்டு. மத்ததக் காட்டிப்போட்டுப் போவம்."

"எதக் கழட்டுற? எதக் கழட்டினாலும் ஒரு பக்கம் நம்மள உரிச்சுப்போடும்."

கொஞ்ச நேரம் கேட்டு வாங்கி, லப்டொப்பைத் திறந்தேன்.

பெட்டியை ரிசீவரோடு பேசவைக்கும் கேர்னல் டிரைவர் எங்கள் சீனியர்கள் எழுதியது. அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு ரிசீவர். அதனால் எல்லாருக்கும் பொதுவான மெமரியை ஒதுக்குவதும், அந்தந்த ரிசீவருக்கான தயாரிப்பும் ஒரே ஃபங்ஷனில் கிடந்தன. ஒன்றை மட்டும் செருகும்வரை யாருக்கும் தெரியாது. இரண்டாவது வந்ததும் பொது மெமரி மறுபடி துடைக்கப்படும். முதலாவது அம்போ.

முன்வரிசைக்காரர் எழும்பி வந்து நின்றார். "என்ன பிழை மனே?"

"வட்டைக்கு வாய்க்கால் ஒருக்காத்தான் வெட்டுற. வரம்பு அவனவன் வயலுக்குக் கட்டுற. இதில புதுசா ஒராள் வரக்குள்ளயெல்லாம் வாய்க்காலத் திருப்பி வெட்டி, மத்தவன்ட வரம்பையும் உடைக்குது."

"ஆர் எழுதின?"

"எங்கட சீனியர்மார்."

"அவங்களுக்கு வயல் இல்லப்போல."

பொதுவானதையெல்லாம் டிரைவர் பெட்டியில் ஏறும்போது ஒரே தடவை நடக்கும்படி வெட்டியெடுத்தேன். ரிசீவருக்கு உரியதை அது செருகப்படும் இடத்தில் தனியாக வைத்தேன். கொம்பைல். முதலாவது. இரண்டாவது.

இரண்டு இலக்கமும் நின்றன. இரண்டுமே நாங்கள் குறித்திருந்த அபாய மட்டத்துக்கு மேலே.

பெட்டியைக் கிண்டலடித்த மீன்காரர் கிட்ட வந்து பார்த்தார். பஸ்லானைக் கேட்காமலே ஒரு ரிசீவரைக் கழற்றி மீண்டும் செருகினார். மற்ற இலக்கம் அசையவில்லை.

"சரி," என்றார். "நாளைக்கு வெட்டுங்க."

அடக்கமாக எழுத எனக்கு வராது. அன்று நான் எழுதியது சுத்தமான கோட்.

இப்போது செங்கலடியில் வீட்டிலிருந்தே வெளிநாட்டு டீமுக்கு டிரைவர் எழுதுகிறேன். ரிவியூ, டெஸ்ட், பச்சை டிக்... எல்லாம் ஒழுங்கு. என் கோட் எந்தெந்த ஊர் மெஷினில் ஓடுகிறதோ தெரியாது, பெருமைதான்.

ஆனால் என்னை நம்பாமல் கையை நீட்டி, தானே கழற்றிச் செருகிப் பார்த்து ஒப்புக்கொண்ட ரிவியூவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்...