வாட்டம் இல்லாத கான்

புதுக் கருவி ஒன்று கையில் கிடைத்துவிட்டால் என் வீட்டுக்காரருக்குக் கண் மண் தெரியாது. அதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலித்துவிட்டது.

மடவளைப் பக்கம் எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. நேர் கீழே பக்கத்து வீட்டுத் தாத்தா சமைக்கிற குசினி. முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள். என்னைவிட மூத்தவர் என்பதால் நானும் அப்படியே கூப்பிடுகிறேன். மழை பெய்தால் எங்கள் முற்றத்துத் தண்ணீர் அவர் குசினி வாசலுக்குத்தான் போகும். பத்து வருஷமாக அதைச் சொல்லிக் காட்டியதில்லை. வாசலில் ஒரு சாக்கைப் போட்டுவிட்டு, பின்பக்கப் படியேறி வந்து என்னோடு தேத்தண்ணி குடிப்பார். போன வருஷம் குசினிக்குப் புதிதாக டைல்ஸ் பதித்தார். அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டார்.

"இந்த மழைக்கு முந்தி ஒரு கான் கட்டி, தண்ணிய ரோட்டுப் பக்கம் திருப்பி உட ஏலுமா, தங்கச்சி?"

வடிகால்தானே, கட்டாயம் கட்டித் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலையில் கொத்து வேலைக்கு மேசன் பாஸ் வந்தார். மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய நீளமான டியூப்பும் கொண்டுவந்தார். "இந்தக் காலத்துல இன்னும் டியூப்பா, பாஸ்?" என்று சொல்லிவிட்டு இவர் உள்ளே போய், முக்காலியில் லேசர் லெவலைத் தூக்கிக்கொண்டு வந்தார். எனக்கே அப்போதுதான் தெரியும், அப்படி ஒன்று வாங்கியிருக்கிறார் என்று.

பதினொரு மணி வெயிலில் லேசரின் பச்சைக் கோடு எங்கே தெரியும்? கான் போகும் வழியில் மட்டம் குறிக்க நட்ட ஒவ்வொரு குச்சிக்கும் நிழல் வேண்டும் என்றார். கல்யாண மாப்பிள்ளைக்குப் பிடிப்பது போல மரக்குச்சிகளுக்கு நான் குடை பிடித்தேன். கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் போகிறவர்கள் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்கள். அதில் நான் படிப்பிக்கிற வகுப்புப் பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். ஞாயிறும் அதே கூத்து. அன்று பின்நேரம்தான், வெயிலில் கோட்டைக் கண்டுபிடிக்கிற சின்ன ரிசீவர் அதே பெட்டிக்குள் அடியில் கிடப்பதை இவர் கண்டார். கோட்டின் உயரத்துக்கு வந்ததும் அது கீச்சென்று கத்தும். இரண்டு நாள் நான் குடை பிடித்ததற்கு ஒரு வார்த்தை வரவில்லை. "பார்த்தியா, என்ன துல்லியம்" என்றார்.

குச்சிகளைப் பார்த்துவிட்டு பாஸ் தலையைச் சொறிந்தார்.

"சார், எல்லாம் ஒரே மட்டமா இருக்குங்க. பத்தடிக்கு ஒரு அங்குலமாச்சும் ரோட்டுப் பக்கம் வாட்டம் குடுக்கணும்."

பாஸ் சொன்னது சரிவை. இவருக்கோ அது குறை சொல்வது போல் பட்டது. "என் பொண்டாட்டி மூஞ்சில இருக்கிற வாட்டம் போதும், கானுக்கும் எதுக்கு? மெஷின் ஒரு மில்லிமீட்டர் பிசகாது" என்றார்.

"மெஷின் பிசகாது, சார். தண்ணி நின்னுரும்."

பாஸ் என்னைப் பார்த்தார். நான் அங்கே வாயைத் திறந்திருக்க வேண்டும். கை கடுத்தது, தலை வலித்தது, தொல்லை விட்டால் போதும் என்றிருந்தது. "அவர் சொல்றபடியே போட்டுருங்க, பாஸ்" என்றேன். இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியாதது அந்த ஒரு வாக்கியம்தான்.

அடுத்த கிழமை மழை கொட்டியது. நாற்பதடிக் கானும் தொட்டி மாதிரி நிரம்பியது. பிறகு கரை முழுக்க ஒரே நேரத்தில் வழிந்தது. முன்பு வாசலோடு நின்ற தண்ணீர் இப்போது தாத்தாவின் குசினிக்குள்ளேயே இறங்கியது. செருப்பில்லாமல் படியிறங்கி ஓடினேன். அவர் சட்டியால் சேற்றுத் தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். நானும் குனிந்து அள்ளினேன். மேலே குடையோடு நின்ற என் வீட்டுக்காரர், "பாரு, ஒரு பக்கம் கூட இல்ல, ஒரு பக்கம் குறைய இல்ல" என்றார். என் கையில் இருந்த சட்டி அவர்மேல் பறக்காதது அவர் செய்த புண்ணியம்.

பாஸைக் கெஞ்சிக் கூட்டிவந்து, கானை உடைத்து, டியூப் வைத்து வாட்டம் பார்த்துத் திரும்பக் கட்டினோம். இப்போது தண்ணீர் ஒழுங்காக ரோட்டுக்குப் போகிறது. ஆனால் அதற்குள் தாத்தாவின் தம்பி வந்து எல்லை நீளத்துக்கும் பிளாக் கல் மதில் எழுப்பிவிட்டார். பின்பக்கப் படியை மதில் அடைத்துவிட்டது.

"இனித் தண்ணி வராது, தாத்தா" என்றேன், மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். மதில் அப்படியே நின்றது.

நோன்பு மாதம் வந்தது. ஒரு பின்நேரம் மணிச்சத்தம் கேட்டு முன் கேட்டைத் திறந்தேன். ரோட்டைச் சுற்றி நடந்துவந்த களைப்போடு, கையில் கஞ்சிக் கோப்பையை வைத்துக்கொண்டு தாத்தா நின்றார். உள்ளே வரச் சொன்னேன். நோன்பு துறக்க நேரமாகிறது என்று கோப்பையைத் தந்துவிட்டுத் திரும்பினார்.

பத்து வருஷத்தில் எங்கள் வீட்டு மணியை அவர் அடித்தது அன்றுதான் முதல் தடவை.