சரோஜா மேடம் காட்டிய கோனசீமா

திங்கட்கிழமை காலை ஜீடிமெட்லா பேருந்தில் நின்றுகொண்டிருந்தபோது மேடத்தின் மகள் ஸ்வாதி போனில் அழைத்தாள். “ஆன்ட்டி, மம்மி இஸ் நோ மோர்.” அடுத்த நிறுத்தத்தில் இறங்கி மல்காஜ்கிரியில் அவர்கள் வீட்டுக்குத் திரும்பினேன்.

சரோஜா மேடம் எங்கள் மருந்துக் கம்பெனியில் பேக்கிங் பிரிவு சூப்பர்வைசர். செகந்திராபாத்தில் பிறந்த தமிழர். காதலித்து மணந்தது ஒரு தெலுங்கரை. கணவரின் ஊர் கோனசீமா. கோதாவரி கிளை பிரிந்து கடலுக்குப் போகும் வழியில், நீர் சூழ்ந்த தென்னந்தீவு. ஸ்வாதி கைக்குழந்தையாக இருந்தபோதே கணவர் மாரடைப்பில் போய்விட்டார். காரியத்துக்குப் போனவரை மாமியார் வாசலில் மறித்தார். “என் பிள்ளைய முழுங்கினவ இந்தப் படி ஏறக் கூடாது.”

அதன் பிறகும் அந்த மண்ணை அவர் விடவில்லை. பொங்கல் விடுமுறைதோறும் பேக்கிங் பிரிவுப் பெண்கள் எங்களை வேனில் ஏற்றிக்கொண்டு போவார். “வீடு அவங்களோடது, சரி. ஆறுமா அவங்களோடது?” என்பார். ஆற்றுத்திட்டுகளுக்குப் படகில் கூட்டிப் போவார். சூடான பானையின் முதுகில் அரிசிமாவைத் தேய்த்துக் காகிதம்போல் உரித்தெடுக்கும் பூதரேகுலு இனிப்பை, செய்யும் இடத்திலேயே வாங்கித் தருவார். நதி கடலில் கலக்கும் அந்தர்வேதியில் யாராவது சளசளவென்று பேசினால் அதட்டுவார். “செல்ஃபிக்கு ஹுசேன் சாகர் போதும். இங்க கண்ணால பாருங்க.”

ஒரு வருஷம், பொங்கலுக்கு மறுநாள் திருவிழா. சாமிக்காக மூங்கிலில் கோபுரம்போல் கட்டிய வண்ணப் பிரபைகளை ஆண்கள் தோளில் சுமந்து வயல் வழியே வந்தார்கள். வரப்போரம் பெண்கள் தேங்காயோடு நின்றார்கள்; மேடமும் நின்றார். முன்னால் சுமந்து வந்தவர் கணவரின் அண்ணன். “விதவைக்கு இங்க என்ன வேலை? தள்ளு!” என்று தெலுங்கில் கத்தியபடி முழங்கையால் இடித்தார். மேடம் சேற்றில் விழுந்தார். யாரும் தூக்க வரவில்லை, நாங்கள்தான் தூக்கினோம். சேலையைப் பிழிந்துகொண்டே எங்களிடம் சொன்னார்: “பாருங்க, இப்ப வாய்க்கால்ல இறங்குவாங்க. பயிர் மிதிபட்டாக்கூட இந்த ஊர்ல யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. புண்ணியம்னு நெனப்பாங்க.”

ஸ்வாதியை ஒருமுறை அழைத்து வரலாமே என்று வேனில் கேட்டேன்.

“நக்கோ, வேணாம். அவளையும் தள்ளுவாங்க. இந்த அவமானம் என்னோட போகட்டும்.”

அன்று மதியம் அந்த அண்ணன் கார் வைத்துக்கொண்டு மல்காஜ்கிரிக்கு வந்தார். “எங்க வீட்டு மருமகள். ஊருக்குக் கொண்டுபோறோம்” என்றார்.

“உயிரோட வந்தப்ப ஏன் சேக்கல?” என்று தெலுங்கிலேயே கேட்டாள் ஸ்வாதி.

“அது வேற. இப்ப அனுப்பலைன்னா ஊர்ல நாலு பேர் என்னைக் கேப்பாங்க.”

ஸ்வாதி வாசலைக் காட்டினாள். அவர் மாலையைக்கூட வைக்காமல் போய்விட்டார்.

மின்மயானத்தில் எங்கள் முறைக்காகக் காத்திருந்தோம். “எல்லாரையும் கூட்டிட்டுப் போனாங்க, என்னைத் தவிர. கைக்கு ஆன்ட்டி, ஏன்?” என்றாள் ஸ்வாதி. காரணத்தைச் சொன்னேன். அவள் அழவில்லை. “இத எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? நான் அவங்க மேல கோவமா இருந்தேன். கடைசி வரைக்கும்.”

பிறகு, “அந்த ஊர் எப்படி இருக்கும்?” என்று கேட்டாள். தென்னை, படகு, மணல் என்று எதையெதையோ சொன்னேன். பாதியில் உள்ளே கூப்பிட்டார்கள். இரும்புக் கதவு திறந்து மூடியது.

மேடம், உங்களைப்போல் எனக்குக் காட்டத் தெரியவில்லை. போய் வாருங்கள்.