மூன்றாம் டெஸ்க்டாப்பின் பெயர்

ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு எங்கள் தீவின் தலைநகர் சுவாவில், நான் வேலை பார்த்த அச்சகத்தில் ஒரு சிப்பாயை உட்கார வைத்தார்கள். அச்சுக்குப் போகும் பத்திரிகைப் பக்கங்களை அவர் பார்த்து அனுமதிக்க வேண்டுமாம். பக்கம் வடிவமைக்கும் என் நாற்காலிக்குப் பின்னால்தான் அவருக்கு இடம். அவருடைய பூட்ஸ் சத்தம் கேட்டாலே நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன்.

என் கணினியில், ஒரே திரையில் மாற்றி மாற்றிப் பார்க்கிற மாதிரி மூன்று டெஸ்க்டாப்கள் வைத்திருந்தேன். முதலாவதில் பக்கங்கள், இரண்டாவதில் விளம்பரங்கள். மூன்றாவதில் நாங்கள் நியூசிலாந்தில் குடியேறுவதற்கான தாள்கள். வீட்டில் இணையம் இல்லை, வேறு வழியும் இல்லை. என் கணவர் அரசாங்கப் பொறியாளர். அவர் கிளம்புவது தெரிந்தால் நாடியிலுள்ள விமான நிலையத்திலேயே நிறுத்திவிடுவார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு.

எந்த டெஸ்க்டாப்பில் இருக்கிறேன் என்று காட்ட திரையின் மேல் ஓரத்து மெனு பாரில் ஒரு குட்டி மென்பொருள் போட்டிருந்தேன். எண்ணையும் நாம் வைக்கிற பெயரையும் அது காட்டும். எண்ணோடு விட்டிருக்கலாம். பெரிய புத்திசாலி மாதிரி, சின்ன வயதில் ட்ராசா ஊர்க் கோயில் வகுப்பில் படித்த தமிழ் எழுத்தில் மூன்றாவதற்கு நாங்கள் போகவிருந்த ஊரின் பெயரையே, ‘ஆக்லாந்து’ என்று வைத்தேன். அலுவலகத்தில் தமிழ் வாசிக்க ஒருவரும் இல்லை என்ற தைரியம்.

ஒரு மதியம் சிப்பாய் பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. தாள்களைச் சட்டென்று மூடிவிட்டேன். மேலே பெயர் மட்டும் நின்றது.

“அது என்ன எழுத்து, சிஸ்டர்?” என்று இந்தியில் கேட்டார்.

“சாமி பேரு.”

தமிழ் எழுத்தைக் கோயில் சுவரில் மட்டுமே பார்த்தவர், நம்பிவிட்டார். “எங்கம்மா படுத்த படுக்கையா இருக்காங்க. அத எழுதிக் குடுப்பீங்களா?”

திரையையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். வேறு எழுதினால் கண்டுபிடித்துவிடுவார். அப்படியே எழுதிக் கொடுத்தேன். பயபக்தியோடு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டில் சொன்னதும் கணவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். “என்ன காரியம் பண்ணிட்டே! யாராவது வாசிச்சுட்டா?”

“கிட்டவே நின்னாருங்க. நான் என்ன செய்ய?”

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நோயாளித் தாயை ஏமாற்றிய வெட்கம் வேறு. நான்காம் நாள் சிப்பாயே வந்து சொன்னார்: “அம்மாவுக்கு அத வாய்விட்டுச் சொல்லணுமாம். நீங்க எழுதினதுன்னு சொல்லி, எப்படி வாசிக்கறதுன்னு உங்க கோயில் பூசாரிகிட்ட காட்டினேன்.”

நாற்காலியைத் திருப்பி அவரைப் பார்த்தேன்.

“நல்ல பேருதான், எழுத்துதான் சரியில்லன்னார். வேற எழுதிக் குடுத்துட்டு அத வாங்கிக்கிட்டார்.”

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். பூசாரி தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். எங்களோடு அதிகம் பேசமாட்டார். விபூதி தரும்போது குனிந்து மெதுவாகச் சொன்னார்: “முருகன் பேர எழுதிக் குடுத்துட்டேம்மா. உங்க சீட்டு விளக்குல எரிஞ்சுபோச்சு. என்னிக்குக் கெளம்புறீங்க?”

“இன்னும் ஒம்பது நாள் இருக்கு, சாமி.”

நாங்கள் போவதை நான் வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் அவர்தான். சொன்ன பிறகு பயம் இன்னும் கூடியது.